தாப்பாஸ்: மூடி எப்படித் தொடுகறி ஆனது?

ஸ்பெயினுக்குச் சுற்றுலா போகிறவர்களின் பயணத் திட்டத்தில் ‘தாப்பாஸுடன் வைன் சுவைத்தல்’ என்று ஒரு மாலை நிகழ்ச்சி அடிக்கடி இருக்கும். தாப்பாஸ் என்பது ஏதோ ஒரு ஸ்பானியப் பலகாரத்தின் பெயர் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி ஒரு தனிப் பலகாரம் கிடையாது. நாலைந்து ஆலிவ் காய், உப்புப் போட்ட பாதாம், பன்றித் தொடையை உப்பிட்டு உலர்த்திச் சீவிய ஹமோன், செம்மறிப் பாலில் செய்த மான்செகோ பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் சுட்ட தோர்த்தியா என்று எதுவும் தாப்பா ஆகலாம். மதுவோடு சிறிய அளவில் வந்தால் தாப்பா. அதே பண்டம் பெரிய தட்டு நிறைய வந்தால் ராசியோன்.

ஒருமையில் தாப்பா, பன்மையில் தாப்பாஸ். நேர்ப்பொருள் ‘மூடி’. மூடுவதைக் குறிக்கும் ‘தாப்பார்’ என்ற வினையும் இதன் உறவுதான். ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி, வேரை ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்த கோதிக் மொழியில் காட்டுகிறது. பீப்பாயின் துளையை அடைக்கும் கட்டையைச் சுட்டிய சொல் அது. குழாயைக் குறிக்கும் ஆங்கில ‘டேப்’பும் அந்தக் குடும்பமே. நம் தாழ்ப்பாளைப் பேச்சில் ‘தாப்பா’ என்கிறோமே, அது வேறு. ஒலியும் பொருளும் நெருங்கினாலும் உறவு இல்லை.

சரி, மூடி எப்படித் தின்பண்டம் ஆனது? தெற்கே அந்தலூசியாவின் மதுக்கடைகளில் ஈயும் தூசியும் விழாமல் கோப்பையின் மேல் ரொட்டித் துண்டையோ ஹமோன் சீவலையோ வைத்து மூடிக் கொடுத்தார்கள் என்பது பரவலான விளக்கம். காதிஸ் நகரில் பதின்மூன்றாம் அல்போன்சோ மன்னரின் கோப்பையில் மணல் விழாமல் இப்படி மூடினார்கள் என்றும் கதை உண்டு. சொல்லின் பொருளுக்கு அகராதிச் சான்று உண்டு, மன்னர் கதை செவிவழிச் செய்திதான்.

தமிழில் எழுதும்போது ‘டாபாஸ்’ வேண்டாம். ஸ்பானிய ஒலி பல்லில் பிறக்கும் தகரம். ‘தாபா’ என்று ஒற்றில்லாமல் எழுதினால் நெடுஞ்சாலைப் பஞ்சாபி உணவகம்தான் நினைவுக்கு வரும். தாப்பாஸ் என்பதே பொருத்தம்.

இணைச்சொல்லாகச் சிலர் சிற்றுண்டி என்கிறார்கள். அது இட்லி, உப்புமாவின் இடம். நொறுக்குத்தீனியும் சரிவராது, தக்காளிச் சாற்றில் வெந்த இறைச்சி உருண்டையை யாரும் நொறுக்குத்தீனி என்று சொல்வதில்லை. என் தேர்வு ‘தொடுகறி’. “தொட்டுக்க என்ன இருக்கு?” என்று நாம் தினமும் கேட்பதில் இருக்கும் அதே கருத்து: தனியாக நிற்காமல் இன்னொன்றுக்குத் துணையாக வருவது. மதுவுக்குத் துணை என்பதைத் தெளிவாக்க ‘மதுத் தொடுகறி’ எனலாம்.

சுவைத்தல் நிகழ்ச்சியில் இந்தத் துணை வேலை நன்றாகத் தெரியும். வழிகாட்டி முதலில் வைனை மட்டும் ஒரு மிடறு குடிக்கச் சொல்வார். அப்புறம் ஒரு கடி, மறுபடி ஒரு மிடறு. ஹெரெஸ் ஊரின் ஃபினோ, பீப்பாய்க்குள் ஈஸ்ட் படலத்தின் அடியில் முதிர்வது. இனிப்பே இல்லாத அந்த வெளிர் வைனுக்கு உப்புப் பாதாமும் ஆலிவும் அவ்வளவு பொருத்தம். ரியோஹா பகுதியின் சிவப்பு வைன் புட்டியில் ‘கிரியான்சா’ என்றிருந்தால் குறைந்தது 2 ஆண்டு முதிர்ந்தது, அதில் 1 ஆண்டு ஓக் பீப்பாயில். அதன் துவர்ப்பை மான்செகோவின் கொழுப்பும் உப்பும் தணித்துவிடும்.

இப்படிச் சுவைத்துப் பார்ப்பதற்கு ஸ்பானியத்தில் ‘காத்தா’ என்று பெயர். தமிழில் ‘சுவைபார்ப்பு’ போதும். வைனுக்குக் கிறித்தவ வழக்கில் திராட்சரசம் உண்டு, ஆனால் இன்று அது பழச்சாறு போலத் தொனிக்கிறது. நம்மிடம் ‘தேறல்’ இருக்கிறது. தெளிந்த மது என்று பொருள். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், “யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்” என்கிறார். கடல் கடந்து வந்த மதுவுக்கும் அன்று வழங்கிய சொல் இது. ஆகவே ‘தொடுகறியுடன் தேறல் சுவைபார்ப்பு’ என்று தயங்காமல் எழுதலாம்.

வடக்கே பாஸ்க் பகுதியில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே ரொட்டித் துண்டின் மேல் பண்டத்தை வைத்துக் குச்சியால் குத்தித் தருவார்கள். அதன் பெயர் பின்ச்சோ, குத்துவதைக் குறிக்கும் ஸ்பானிய வினையிலிருந்து வந்தது. அதைக் ‘குச்சித் தொடுகறி’ என்று பிரித்துச் சொல்வது நல்லது.