வேட்டி மட்டும் நடக்கும் சாலை

தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் இரவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய அதிர்ச்சி. தூரத்தில் மீடியனை ஒட்டி ஒருவர் நிற்பது தெரிகிறது. சற்றுக் கழித்துப் பார்த்தால் ஆளைக் காணோம். மறுபடி கண்ணில் படும்போது பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை. தெருவிளக்கும் நன்றாகத்தான் எரிந்தது.

ஒரு பொருள் தெரிய, அதன்மேல் வெளிச்சம் விழுந்தால் மட்டும் போதாது. பின்னணியைவிட அது பளிச்சென்றோ மங்கலாகவோ இருந்தாக வேண்டும். இரண்டும் ஒரே அளவாகிவிட்டால் விளிம்பு அழிந்துவிடும். பகலிலாவது நிறம் கைகொடுக்கும். சோடியம் விளக்கின் மஞ்சளில் சிவப்பும் பச்சையும் பழுப்பாகிவிடுவதால் அந்த உதவியும் குறைவு.

தெருவிளக்கு மேலிருந்து எரிகிறது. அதன் ஒளி தார்ச்சாலையில் சாய்வாகப் பட்டு ஓட்டுநரின் கண்ணை நோக்கித் தெறிக்கிறது. சாலை வெளுத்துத் தெரிகிறது. நம்மைப் பார்த்து நிற்பவரின் முன்பக்கத்தில் அந்த ஒளி அவ்வளவாக விழுவதில்லை. ஆகவே அவர் வெளுத்த திரைமுன் கருநிழலாகத் தெரிகிறார். 1930களிலேயே இங்கிலாந்தில் வால்ட்ராம் போன்ற விளக்குப் பொறியாளர்கள் இதை ஒரு கொள்கையாகவே வைத்துச் சாலை விளக்குகளைத் திட்டமிட்டார்கள்.

வண்டியின் முகப்பு விளக்கு செய்வது நேர் எதிரான வேலை. அது ஆளின் முன்பக்கத்தை வெளுக்க வைக்கிறது. தூரம் பாதியானால் அவர்மேல் விழும் ஒளி சுமார் 4 மடங்காகும். கருநிழலாக இருந்தவர் நெருங்க நெருங்க வெளுத்து, ஏதோ ஒரு தூரத்தில் சாலையின் பிரகாசத்துக்குச் சமமாகிவிடுகிறார். அந்த இடத்தில்தான் ஆள் மாயம்.

வெள்ளை வேட்டியும் சாம்பல் சட்டையும் அணிந்த பெரியவர் ஒருவர் குறுக்கே வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முழு உருவமும் கருப்பு. வேட்டி ஒளியை அதிகம் திருப்பி அனுப்பும். டிம் செய்த முகப்பு விளக்கும் இடுப்புக்குக் கீழேதான் அதிகம் அடிக்கும். அதனால் வேட்டி முதலில் கரைகிறது, சட்டை அந்தரத்தில் நிற்கிறது. இன்னும் கிட்டே போனால் வேட்டி பளிச்சிடுகிறது; இப்போது சட்டை கரைகிறது. வேட்டி மட்டும் தனியே நடந்து வருகிறது! சுடுகாட்டுப் பாதையில் வெள்ளைச் சேலை மிதந்ததைக் கண்டவர்கள் எல்லோருமே பொய் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சாலையைக் கடப்பதற்கான வெள்ளைக் கோடுகளுக்கு நேர் மேலே கம்பம் நட்டால் உச்சந்தலைதான் ஒளிரும். வண்டி வரும் பக்கமாகச் சில மீட்டர் தள்ளி நட்டால், கடப்பவரின் உடல் மீது ஒளி விழும். ஆள் வெளிச்சமாகவே தெரிவார். அதே கம்பம், அதே மின்சாரம்.

மழை பெய்தால் கணக்கே மாறிவிடும். தாரின் சொரசொரப்பைத் தண்ணீர் மூடிவிட, சாலை கண்ணாடிபோல் ஆகிறது. விளக்குகள் நீண்ட கோடுகளாகத் தெரியும். மற்ற இடமெல்லாம் மை இருட்டு. நிழலுருவத்துக்குத் திரையே இல்லை.

எதிரே ஹை பீமில் வரும் லாரி வேறு வகைத் தொல்லை. அதன் ஒளி நம் கண்ணுக்குள், கருவிழியிலும் லென்ஸிலும் சிதறி, விழித்திரை முழுவதும் மெல்லிய வெண்திரையாகப் படர்கிறது. சாலையில் இருக்கும் சிறு வித்தியாசங்களை அது மூழ்கடித்துவிடும். நாம் பார்க்கும் திசைக்கும் எதிர்விளக்குக்கும் உள்ள கோணம் பாதியானால் திரையின் கனம் ஏறக்குறைய 4 மடங்காகிறது. கண்புரை தொடங்கியவர்களுக்கு இன்னும் மோசம்.

முகப்பு விளக்கின் நடுவில் போக்குவரத்துப் போலீசார் ஒட்டும் கருப்புப் பொட்டு இந்தத் திரையை மெலிதாக்கத்தான். அதைவிட எனக்குப் பிடித்தது நெடுஞ்சாலை மீடியனில் வளரும் அரளி. ஆடு மாடு மேயாது, வெயிலுக்கு வாடாது, எதிர்வரிசை விளக்குகளைக் கண்ணில் படாமல் மறைத்துவிடும். ஆனால் கடக்கக் காத்திருப்பவரையும் அது மறைக்கிறது. ஆட்கள் கடக்கும் இடைவெளிகளில் செடியை இடுப்புக்குக் கீழே கத்தரித்து வைத்தால் சரி. கத்தரிக்காத இடத்தில் அவர் செடியை விலக்கிக்கொண்டு சாலையில் காலை வைத்த பிறகுதான், வேட்டியா சட்டையா என்ற கேள்வியே எழும்.