"மூலம்தான் டாக்டர், மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்க"

மன்னார்குடிப் பக்கம் அறுவை சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். எங்கள் பகுதியில் ஆசனவாயில் என்ன வந்தாலும் பெயர் ஒன்றுதான். எரிந்தால் மூலம், அரித்தால் மூலம், சீழ் கசிந்தால் மூலம், ரத்தம் போனால் ரத்தமூலம். வருபவர் உட்காரும்போதே நோயின் பெயரையும் சொல்லிவிடுவார். மாத்திரை மட்டும் போதும் என்பார். "படுங்க, பார்த்துடலாம்" என்றால் முகம் மாறிவிடும்.

பார்த்தால் பல பேருக்கு அது மூலமே இல்லை. மலம் போகும்போது மிளகாய் தடவியது போல எரிந்து, பிறகும் ஒரு மணி நேரம் கடுத்துக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் வெடிப்பு. பக்கத்தில் ஒரு கொப்புளம் உடைந்து சீழ் வந்து, ஆறி, மறுபடி அதே இடத்தில் உடைந்தால் பௌத்திரம். உள்மூலமோ வழக்கமாக வலிக்காது. மலம் போன பிறகு சொட்டுச் சொட்டாகச் சிவப்பு ரத்தம், அவ்வளவுதான். வலி இல்லாததால்தான் வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

மூலம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் கட்டி இல்லை. ஆசனவாய்க்குள் ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசு எல்லாருக்கும் உண்டு. காற்றும் மலமும் கசியாமல் அடைக்க அது உதவுகிறது. முக்கி முக்கி அது வீங்கிச் சரிவதைத்தான் மூலம் என்கிறோம். வெளியே வராமல் ரத்தம் மட்டும் போனால் முதல் நிலை. வெளியே வந்து தானே உள்ளே போனால் இரண்டு, விரலால் தள்ள வேண்டியிருந்தால் மூன்று, தள்ளினாலும் போகாவிட்டால் நான்கு.

சில வருடங்களுக்கு முன், நடவு வேலை செய்யும் ஓர் அம்மா மூச்சு வாங்குகிறது என்று வந்தார். ஹீமோகுளோபின் 5.5. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். ரத்தம் எங்கே போகிறது என்று கேட்டால் பதிலே இல்லை. மருமகளை வெளியே அனுப்பிய பிறகுதான் மெல்லச் சொன்னார், மூன்று வருடமாக ரத்தமூலம். "வயக்காட்டுல ஒதுங்க எடமில்ல தம்பி. அதான் காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கறதில்ல."

அவர் சொன்ன அந்த ஒரு வரியில் பாதிக் காரணம் இருக்கிறது. தண்ணீர் குடிப்பதில்லை, வந்த மலத்தை அடக்குகிறார், அது இறுகுகிறது, முக்குகிறார். மீதிக் காரணம் தட்டில். மூன்று வேளையும் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பொன்னி, மேலே குழம்பு, ஓரமாக ஒரு கரண்டி காய். வாழை விளையும் ஊரில் வாழைத்தண்டு மாட்டுக்குப் போகிறது! ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். கீரை, அவரை, கொத்தவரை, வாழைப்பூ, கொண்டைக்கடலை எல்லாம் இதற்காகத்தான். அதுவும் போதாவிட்டால் இரவில் இரண்டு ஸ்பூன் இசப்கோல், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் இல்லாமல் இசப்கோல் சாப்பிட்டால் இன்னும் அடைத்துக்கொள்ளும். கழிப்பறைக்குள் செல்போன் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிடுங்கள்.

கோழிக்கறியால் சூடு ஏறி மூலம் வருகிறதா என்று கேட்காத ஆள் இல்லை. கறி குற்றவாளி இல்லை. அன்றைக்குக் காயே சாப்பிடாததுதான் குற்றம். துத்தி இலை, கருணைக்கிழங்கு சாப்பிடுகிறேன் என்றால் நான் தடுப்பதில்லை. என்ன நோய் என்று பார்க்காமலே வைத்தியம் நடப்பதுதான் எனக்குப் பிரச்சினை. பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் 'ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசி' என்று எழுதியிருக்குமே, அப்படி ஏதோ திராவகத்தைச் செலுத்தி வெந்து, ஆசனவாய் பென்சில் அளவுக்குச் சுருங்கிப்போய் வந்தவருக்கு நான் சிகிச்சை செய்திருக்கிறேன். மூலத்தைச் சரிசெய்வதைவிட அதைச் சரிசெய்வது பல மடங்கு கஷ்டம்.

முதல் இரண்டு நிலைகளுக்கு உணவும் பழக்கமும் பெரும்பாலும் போதும். அதையும் மீறி ரத்தம் நிற்காவிட்டால் மூலத்தின் அடியில் சிறிய ரப்பர் வளையம் மாட்டுகிறோம். அந்த இடத்தில் தோலில் இருப்பது போன்ற வலி உணர்வு இல்லாததால் மயக்க மருந்து தேவையில்லை. அன்றே வீட்டுக்குப் போகலாம். ஒரு வாரம், பத்து நாளில் சுருங்கி விழும்போது கொஞ்சம் ரத்தம் வரலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூன்றாம் நிலையில் சிலருக்கும், நான்காம் நிலையில் பெரும்பாலானோருக்கும் ஆபரேஷன். லேசர் பற்றிக் கேட்கிறார்கள். வலி குறைவுதான், ஆனால் மறுபடி வராது என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள்.

திடீரென்று நாவல்பழம் போல நீலமாக ஒரு கட்டி, உட்கார முடியாத வலி என்றால் வெளிமூலத்தில் ரத்தம் உறைந்திருக்கிறது. மூன்று நாளுக்குள் வந்தால் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடலாம். தாமதமானால் வெதுவெதுப்பான நீர் நிரப்பிய தொட்டியில் தினம் இரண்டு மூன்று முறை பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால் மெல்ல வடியும்.

இன்னொருவரை மறக்க முடியவில்லை. எட்டு மாதம் மூலத்துக்கு மருந்து வாங்கிச் சாப்பிட்டவர். ரத்தம் மலத்தோடு கலந்து வந்தது, போய்விட்டு வந்தாலும் இன்னும் இருப்பது போன்ற உணர்வு, எடையும் குறைந்திருந்தது. கையுறை போட்ட விரலை உள்ளே விட்டதுமே கட்டி தட்டுப்பட்டது. மலக்குடல் புற்றுநோய். எட்டு மாதத்தில் ஒருவர்கூட அவரைப் படுக்கவைத்துப் பார்க்கவில்லை. இப்படி அறிகுறி இருந்தாலோ, நாற்பத்தைந்து தாண்டி முதன்முறை ரத்தம் வந்தாலோ, கொலனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயால் பெருங்குடலுக்குள் பார்க்கும் சோதனை) பார்க்காமல் மூலம் என்று முடிவுகட்டக் கூடாது.

பரிசோதனைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. வெறும் வயிற்றோடு வர வேண்டாம். இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்தால் போதும், இரண்டு நிமிட வேலை. பெண்களுக்கு நர்ஸ் கூடவே இருப்பார். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்கவும் தயங்காதீர்கள்.

அந்த நடவு அம்மாவுக்கு ரத்தம் ஏற்றி, வளையம் மாட்டி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோம். அந்த மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும் என்று முன்பே சொல்லியும் ஒரு நாள் பதறிக்கொண்டு வந்தார். அடுத்த சம்பா நடவு முடிந்ததும் கூட வேலை செய்யும் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். "இதுங்களுக்கும் மூலமாம். நல்லாப் பாருங்க தம்பி." பார்த்தேன். ஒருவருக்கு மூலம், இன்னொருவருக்கு வெறும் வெடிப்பு.