அங்கன்வாடிப் பதிவேட்டில் வயதைப் பாருங்கள்

அங்கன்வாடிக்கு ஆய்வுக்கு வரும் எவரும் முதலில் கேட்பது, "மொத்தம் எத்தனை பிள்ளைகள்?" என்பதைத்தான். மேற்பார்வையாளரான நானும் அந்த எண்ணைத்தான் படிவத்தில் நிரப்பி மேலே அனுப்புகிறேன். ஆனால் மையத்தின் உண்மை நிலை அந்த மொத்தத்தில் இல்லை. இரண்டு வயது, மூன்று வயது, நான்கு வயது என்று மூன்று கட்டம் போட்டு, பெயர்களைப் பிரித்து எழுதிப் பாருங்கள். அப்போது தெரியும்.

எங்கள் பக்கத்து மையங்கள் பலவற்றில் நான்கு வயதுக் கட்டம் காற்றாடுகிறது. இரண்டரை வயதில் அழுதுகொண்டே வந்து சேரும் பிள்ளை, ஒரு வருடத்தில் பாட்டுப் பாடவும் வரிசையில் நின்று கை கழுவவும் பழகிவிடுகிறது. உடனே ஜூன் மாதத்தில் டை கட்டிக்கொண்டு வேனில் ஏறிவிடுகிறது. அழுகையை ஆற்றும் வேலை பால்வாடி டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும். கட்டணம் தனியார் பள்ளிக்கு.

பெற்றோரைத் திட்டிப் பயனில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்கள் நலிந்த பிரிவினருக்கு உண்டு. தமிழ்நாட்டில் அந்தச் சேர்க்கை எல்.கே.ஜி.யிலேயே தொடங்கிவிடுகிறது. மூன்று வயது முடிந்த உடனே விண்ணப்பிக்காவிட்டால் வாய்ப்புப் போய்விடும் என்ற பதற்றத்தை இந்த ஏற்பாடே உண்டாக்குகிறது. இதை உணர்ந்துதான் 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை அரசு தொடங்கியது. மாநிலத்தில் மொத்தம் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கும்போது இது சிறு பங்குதான்.

பிறப்பே குறைந்திருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பிறப்பு, இறப்பைக் கணக்கிடும் ஒன்றிய அரசின் மாதிரிப் பதிவு முறையின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 1.4. தெருவிலேயே பிள்ளைகள் குறைந்துவிட்ட பிறகு "போன வருடத்தைவிட ஏன் குறைந்தது?" என்று டீச்சரை நிற்கவைத்துக் கேட்பது அபத்தம். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சில இடங்களில், வேனில் ஏறிப்போன பிள்ளையின் பெயரும் பதிவேட்டிலேயே தங்கிவிடுகிறது. நான் பெயர்ப் பட்டியலோடு வருகைப் பக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகவே. முட்டை போடும் நாளில் வருகைக் குறிகள் நெருக்கமாக விழுந்து, மறுநாள் கலைந்திருந்தால், பிள்ளைகள் ஊரில்தான் இருக்கிறார்கள், சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறார்கள் என்று பொருள். எந்த நாளிலும் குறியே இல்லாத பெயர் என்றால், அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

அப்படியானால் நான்கு வயதிலும் தங்குவது யார்? நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், தூய்மைப் பணியாளர்கள், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் ஆகியோரின் பிள்ளைகள்தான் பெரும்பாலும். அண்ணனை வேனில் ஏற்றிவிட்டுத் தங்கையை மட்டும் இங்கே அனுப்பும் வீடுகளும் உண்டு. அந்த வீட்டில் போய் விளக்கம் கேட்டால், "பொண்ணு சின்னவதானே மேடம்" என்பார்கள்.

சாதியைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. மையம் காலனிக்குள் இருந்தால் ஊர்ப் பிள்ளைகள் வருவதில்லை. ஊருக்குள் இருந்தால் காலனித் தாய் வாசலில் தயங்கி நிற்கிறார். சமைப்பவர் யார் என்று விசாரித்துவிட்டுப் பிள்ளையைத் திருப்பி அழைத்துப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். புதிய மையங்களை அமைக்கும்போது பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதற்குக் காரணம் இந்தத் தயக்கமும் தூரமும்தான். ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு, மையம் கேட்டுப் பெறலாம் என்பதும் அதே உத்தரவுதான். இதை அறிந்த ஊராட்சித் தலைவர்கள் குறைவு.

எந்தக் கட்டத்திலும் இடம்பெறாத பிள்ளைகள் இன்னொரு பக்கம். திருவள்ளூர்ப் பக்கச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்; மழைக்கு முன் திரும்பிவிடுகிறார்கள். வீட்டுக் கணக்கெடுப்பு நடக்கும் நாளில் சூளை காலியாக இருந்தால் அவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. நான் போன ஒரு சூளையில், காயவைத்த பச்சைக் கற்களின் வரிசைகளுக்கு நடுவே ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து அங்கன்வாடி நடந்து போகும் தூரம்தான். தம்பி அங்கே போனால்தான் அக்காள் பள்ளிக்கூடம் போக முடியும். அந்தத் தாய்க்குத் தடையாக இருந்தது, பிள்ளைக்கு ஆதார் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள் என்று யாரோ சொல்லிவைத்த பேச்சு.

அது தவறான தகவல். பிள்ளைக்கு ஆதார் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அங்கன்வாடிப் பதிவுகளுக்கான போஷன் டிராக்கர் செயலியில் தாயின் ஆதாரைக் கொண்டே பதியலாம். கட்டணம் கிடையாது. குடும்ப அட்டை எந்த ஊர் என்று பார்த்துத் திருப்பி அனுப்பவும் கூடாது. உங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த கட்டடத் தொழிலாளர் குடும்பம் இருந்தால், மையம் எங்கே என்று கைகாட்டிவிடுங்கள்.

பிள்ளையை எல்.கே.ஜி.க்கு மாற்றுகிறவர்கள் டீச்சரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். முன்பருவக் கல்வியை முடிக்கும் வரை வைத்திருந்தால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வேலை தேடி வேறு ஊர் போகிறவர்களும் கிளம்பும் முன் மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். செயலியில் இடமாற்றத்தைப் பதிவுசெய்தால், போகும் ஊர் அங்கன்வாடியில் முதலிலிருந்து எடை, உயரம் எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. பழைய பதிவுகள் பிள்ளையுடன் போகும்.