கலங்கொல்லி: சைட்டோடாக்சிக் டி செல்லுக்குத் தமிழில் என்ன பெயர்?

உடலின் எதிர்ப்பாற்றலைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், 'சைட்டோடாக்சிக் டி செல்' என்ற வெள்ளையணு வகை வந்ததும் கொஞ்சம் தடுமாறுவார்கள். ஒருவர் கொலையாளி செல் என்பார், இன்னொருவர் கொல்லி டி செல் என்பார், நச்சு உயிரணு என்பதும் உண்டு. எதைப் படித்தாலும், வைரஸைத் தேடிப்பிடித்துக் கொல்லும் ஒரு செல்தான் மனதில் வந்து நிற்கிறது. பிழை அங்கேதான் இருக்கிறது. இந்தச் செல் வைரஸைத் தொடுவதே இல்லை. வைரஸ் குடிபுகுந்துவிட்ட நம் சொந்தச் செல்லைக் கொல்கிறது. உள்ளே பெருகிக்கொண்டிருக்கும் வைரஸுக்கு அதோடு இடம் இல்லாமல் போகிறது.

மூலச்சொல் இதைச் சரியாகவே சொல்கிறது. 'சைட்டோ' வருவது கிரேக்கத்தின் கைட்டோஸ் என்ற சொல்லிலிருந்து. உள்ளீடற்ற பாத்திரம் என்பது அதன் பொருள். உயிரியலில் அது செல்லைக் குறிக்க வந்தது. 'டாக்சிக்' இன்னும் சுவையானது. கிரேக்கத்தில் டாக்சன் என்றால் வில். டாக்சிகான் என்பது அம்பு நுனியில் தடவும் நஞ்சு. ஆக, சைட்டோடாக்சிக் என்றால் செல்லுக்கு நஞ்சாவது. 'டி' என்ற எழுத்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியைக் குறிக்கிறது. இந்தச் செல்கள் முதிர்வது அங்கே. அந்தச் சுரப்பி எதற்கு என்று 1961-இல் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தது சுண்டெலிகளில்தான். பிறந்த உடனே தைமஸை எடுத்துவிட்ட எலிக்குஞ்சுகள் தொற்றைத் தாங்க முடியாமல் நலிந்தன.

இந்தச் செல்லின் வேலையைப் புரிந்துகொள்ள எல்.சி.எம்.வி. என்ற, எலிகளைத் தொற்றும் வைரஸைப் பார்க்க வேண்டும். வளர்ந்த சுண்டெலியின் மூளையில் இதைச் செலுத்தினால் ஒரு வாரத்தையொட்டி எலி இறந்துவிடும். ஆனால் இந்த வைரஸ் தான் புகுந்த செல்லை அழிப்பதில்லை! டி செல்கள் இல்லாத எலிக்கு அதையே செலுத்தினால், அது வைரஸைச் சுமந்துகொண்டு உயிரோடு இருக்கிறது. முதல் எலியின் மூளையைச் சிதைத்தவை அதன் சொந்த டி செல்கள்.

ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ரோல்ஃப் சிங்கர்நாகல், பீட்டர் டோஹர்ட்டி என்ற இரு ஆய்வாளர்கள் இதைத்தான் ஆராய்ந்தார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த எலிச் செல்களுக்குள் கதிரியக்கக் குரோமியத்தை ஏற்றி, வைரஸையும் புகுத்தினார்கள். அதன்மேல் தொற்று கண்ட எலியின் டி செல்களை விட்டார்கள். செல் செத்தால் குரோமியம் வெளியே கசியும். கசிவை அளந்தால் கொலையை அளந்த மாதிரி. கிடைத்த முடிவு யாரும் எதிர்பாராதது. டி செல்லும் தொற்றுள்ள செல்லும் ஒரே திசுவகையைச் சேர்ந்த எலிகளிலிருந்து வந்தால் மட்டுமே கொலை நடந்தது. வேறு வகை எலியின் செல்லில் அதே வைரஸ் இருந்தும், டி செல்கள் அதை விட்டுவிட்டன. அதாவது, டி செல் வைரஸை மட்டும் பார்ப்பதில்லை. 'என் செல், ஆனால் உள்ளே வேற்று ஆள்' என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. 1974-இல் வெளியான இந்த முடிவுக்கு 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, எப்படிக் கொல்கிறது? செல்லின் மேற்பரப்பில் வைரஸ் புரதத்தின் சிறு துணுக்கு தெரிந்ததும் டி செல் அதோடு ஒட்டிக்கொள்கிறது. தன்னுள் இருக்கும் நஞ்சுப் பொதிகளை ஒட்டிய பக்கத்துக்கு நகர்த்தி, அந்த இடுக்கில் மட்டும் கொட்டுகிறது. பர்ஃபோரின் என்ற புரதம் எதிர்ச் செல்லின் சவ்வில் துளை போடும். கிரான்சைம்கள் என்ற நொதிகள் உள்ளே போய், செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை முடுக்கிவிடும். அப்புறம் டி செல் விலகி அடுத்ததைத் தேடிப் போகிறது. 1994-இல், பர்ஃபோரின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளால் எல்.சி.எம்.வி.யை உடலிலிருந்து நீக்க முடியவில்லை என்று தெரிய வந்தது.

இப்போது தமிழுக்கு வருவோம். கொலையாளி என்பதை நான் ஏற்கமாட்டேன். அது குற்றம் செய்த மனிதரைச் சொல்வது. கொல்லி நல்ல சொல். ஆனால் தமிழில் அது தனியாக நிற்பது அரிது. எதைக் கொல்கிறதோ அது முன்னால் வரும். பூச்சிக்கொல்லி, ஆட்கொல்லி எல்லாம் அப்படித்தான். குறளில் சினத்துக்கு வள்ளுவர் வைத்த பெயர் 'சேர்ந்தாரைக் கொல்லி'. ஒட்டியதை மட்டும் கொல்லும் இந்தச் செல்லுக்கும் அது பொருந்தக்கூடியதுதான். இந்த அமைப்பின்படி வைரஸ்கொல்லி என்று எழுதினால் அது மருந்தைத்தான் குறிக்கும்.

முன்னால் எதை வைப்பது? செல்கொல்லி என்றால் தமிழில் செல் என்பது கரையானும் ஆகும். செல்லரித்த ஏடு என்கிறோமே. உயிரணுக்கொல்லி என்றால், உயிரணு என்ற சொல் இதழ்களில் விந்தணுவுக்கும் புழங்குவதால் கருத்தடை மருந்து போலாகிவிடும். மிஞ்சுவது கலம். இலங்கைப் பாடநூல்களில் செல்லுக்கு அதுவே பெயர். கலம் என்றால் பாத்திரம். கிரேக்கரின் கைட்டோஸும் அதேதான். மரங்கொத்தி போலக் கலங்கொல்லி. இதைவிட நெருக்கமாக மூலத்தைப் பிடிக்கும் சொல் எனக்குத் தெரியவில்லை.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. 1975-இல் சுவீடனில் சுண்டெலிகளிடம் கண்டறியப்பட்ட வேறொரு வகைச் செல்லும் இதே வேலையைச் செய்கிறது, முன்பயிற்சி எதுவும் இல்லாமலே. ஆங்கிலத்தில் நேச்சுரல் கில்லர் எனப்படும் அதை இயற்கைக் கொல்லி என்று எழுதுகிறார்கள். பூச்சிக்கொல்லியைப் படிக்கிற மாதிரி அதைப் படித்தால் இயற்கையைக் கொல்வது என்றல்லவா ஆகிறது? இயல்பான கலங்கொல்லி என்று எழுதினால் அந்தக் குழப்பம் வராது. தைமஸில் முதிர்ந்ததை டி கலங்கொல்லி என்றே பிரித்துச் சொல்லலாம்.