பாம்புச் சட்டை: ஒரு ஜார்ஜிய நாவலின் தலைப்பு

ஜார்ஜிய மொழியில் ‘குவெலி’ என்றால் பாம்பு, ‘பெராங்கி’ என்றால் நாம் உடுத்தும் சட்டை. இவ்விரண்டும் சேர்ந்த ‘குவெலிஸ் பெராங்கி’ என்பதையே கிரிகோல் ரோபாகிட்ஸே 1926இல் வெளிவந்த தம் நாவலுக்குத் தலைப்பாக வைத்தார். பெராங்கி ஈரானிய வழிச் சொல். பாரசீகத்தின் ‘பீராஹன்’ அதற்கு உறவு. 1928இல் வந்த ஜெர்மன் மொழிபெயர்ப்பு சட்டை என்ற பொருளைக் காத்தது. ஆங்கிலத்திலோ அது தோல் என்றாகிவிட்டது. அந்த ஆங்கில வழியே போய்த் தமிழிலும் ‘பாம்புத் தோல்’ என்று எழுதினால், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் சொல்லை இழந்தவர்களாவோம். தோல் செத்த பாம்பிலிருந்து பிறர் உரித்தெடுப்பது. சட்டை உயிருள்ள பாம்பு தானே கழற்றிவிட்டுப் போவது.

கிணற்றுமேட்டில் கிடக்கும் பாம்புச் சட்டையை எடுத்துப் பார்த்தால், கண்ணை மூடியிருந்த கண்ணாடி போன்ற செதில்கூட அதில் இருக்கும். தலைவழியாகக் கழற்றிய சட்டையைப் போலவே அதுவும் உட்புறம் வெளியே தெரியப் புரண்டு கிடக்கும். பொருநராற்றுப்படை நுண்ணிய ஆடையை ‘அரவுரி அன்ன அறுவை’ என்று இதனோடுதான் ஒப்பிட்டது. வடமொழியின் ‘கஞ்சுகம்’ என்ற சொல்லும் மேலாடை, பாம்பின் உரி ஆகிய இரண்டையும் குறிக்கும்.

இந்த இரட்டைப் பொருளின் மேல்தான் நாவலே நிற்கிறது. ஆர்ச்சிபால்ட் என்ற அயல்நாட்டுப் பெயரோடு வளர்ந்து பாரசீகத்தில் அலையும் நாயகன், தான் ஜார்ஜியாவின் மகாஷ்விலி குடியில் பிறந்த ஆர்ச்சில் என்பதை அறிகிறான். அதுவரை அவன் தரித்திருந்த பெயரும் நாடும் உரியாகக் கழல்கின்றன. சட்டை உரிக்க இயலாத பாம்பு அழியும் என்று ஜெர்மன் தத்துவ அறிஞர் நீட்சே எழுதியிருக்கிறார். ரோபாகிட்ஸே நீட்சேயில் தோய்ந்தவர். ஆனாலும் அவருடைய நாவலில் உரிக்குக் கீழே தெரிவது புதிய மனிதன் அல்லன். தந்தை, மூதாதையர், மண் என்று பின்னோக்கி நீளும் ஆதி வடிவம். தத்துவம் இங்கே தொன்மமாக மாறுகிறது என்று நான் கருதுவது இதனால்தான்.

‘அரவுரி’ என்று பெயரிட்டால் அழகாகவே இருக்கும். ஆனால் அதில் உடுத்தும் பொருள் மறைந்துவிடும். பெராங்கி ஜார்ஜியர்களின் அன்றாடச் சொல்லாதலால், தமிழிலும் ‘பாம்புச் சட்டை’யே அதற்கு நேரான பெயர்.