பாஸ்: கட்டைக் குரலா, அடிநாதமா?

சின்ன ஸ்பீக்கர் வாங்கியவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்றுதான்: "பாஸ் இல்லை." தேர்வில் தேறுவதும் பாஸ், மேலதிகாரியும் பாஸ், அடிவயிற்றில் அதிரும் ஒலியும் பாஸ். மூன்றும் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்கள். ஒலியைக் குறிப்பதை அவர்கள் 'பேஸ்' என்று உச்சரிக்கிறார்கள். ஒரு காலத்தில் எழுத்தும் அப்படித்தான் இருந்தது. இத்தாலிய 'பாஸோ'வைப் பார்த்து எழுத்தை மாற்றிக்கொண்டவர்கள் உச்சரிப்பை மாற்றவில்லை. நாம் எழுத்தைப் பார்த்துப் படித்துவிட்டோம். சரி, இந்த ஒலிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

வேர் பிற்கால இலத்தீனின் 'பாஸுஸ்'. குட்டையானது, தடித்தது, தாழ்ந்தது என்று பொருள். தமிழிலும் இதே முடிச்சு உண்டு. குள்ளமாகத் தடித்திருப்பவரைக் 'கட்டை' என்கிறோம். கரகரத்துத் தாழ்ந்த குரலையும் 'கட்டைக் குரல்' என்கிறோம். அப்படியானால் பாஸுக்குக் கட்டையொலி என்று பெயர் வைத்துவிடலாமே? முடியாது. ஆர்மோனியக் கட்டையை வைத்துச் சுருதி சொல்லும் பழக்கம் குறுக்கே நிற்கிறது. அங்கே எண் கூடக் கூடச் சுருதி ஏறும். எட்டுக் கட்டையில் பாடுகிறார் என்றால் உச்சத்தில் பாடுகிறார் என்று அர்த்தம்.

பழந்தமிழ் இசையில் மூன்று நிலைகளுக்கு மெலிவு, சமன், வலிவு என்று பெயர். மெலிவுதான் கீழ் ஸ்தாயி. அருமையான சொல், ஆனால் இன்று "இந்த ஸ்பீக்கரில் மெலிவு அதிகம்" என்று எழுதினால் வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார். 'தாழொலி'க்கு வேறு சிக்கல்: தாழ்ந்த குரலில் பேசினான் என்றால் மெதுவாகப் பேசினான் என்றே கொள்கிறோம். பாஸ் என்பது ஒலியின் அளவைப் பற்றியதல்ல, சுருதியைப் பற்றியது. ஏறக்குறைய 20 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையான, அதாவது நொடிக்கு அத்தனை முறை நிகழும் அதிர்வுகளையே அப்படி அழைக்கிறார்கள். இயற்பியலில் 'தாழ் அதிர்வெண்' என்பது போதும், அங்கே குழப்பமில்லை.

'ஆழமான பாஸ்' என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பாஸ் அதிகமாக இருப்பது வேறு, ஆழமாக இருப்பது, அதாவது இன்னும் கீழான சுருதி வரை இறங்குவது, வேறு. பல சிறிய ஸ்பீக்கர் பெட்டிகள் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியைக் கொஞ்சம் தூக்கிவிட்டு ஆழம் என்று நம்ப வைக்கின்றன. முன்வலையைக் கழற்றிவிட்டு, அதிர்ந்து ஒலியெழுப்பும் கூம்பைப் பாருங்கள். பேச்சு ஒலிக்கும்போது அது அசைவதே தெரியாது. கீழ்ச்சுரம் வந்ததும் முன்னும் பின்னுமாகத் துள்ளும். 100 ஹெர்ட்ஸுக்கு 1 மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்றால், அதே உரப்பில் 50 ஹெர்ட்ஸுக்கு 4, 25 ஹெர்ட்ஸுக்கு 16 மில்லிமீட்டர் அசைய வேண்டும். கூம்பின் விட்டத்தைப் பாதியாக்கினால் இந்தத் தூரங்கள் இன்னும் நான்கு மடங்காகும். சின்னக் கூம்பு திணறாமல் என்ன செய்யும்?

மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில், வாசிக்கும் முன் ரவையைக் குழைத்து அப்புவார்கள். தோலின் எடை கூடும், சுருதி இறங்கும். பாஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கரான வூஃபர் சிறிதாக இருந்தால், அதன் கூம்பைக் கனமாகச் செய்வதும் இதே உத்திதான். கனத்தைத் தள்ளக் கூடுதல் மின்திறன் வேண்டும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. சிறிய பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த மின்திறனில் உரத்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பது இத்துறையில் ஹாஃப்மன் விதி. 1954இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எட்கர் வில்ச்சர் பெட்டியை இறுக மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே கூம்புக்குச் சுருள்வில்லாக்கினார். புத்தக அலமாரியில் அடங்கும் ஸ்பீக்கர்கள் பெருகியது அதற்குப் பிறகுதான். வேறு சில பெட்டிகளில் பாஸைக் கூட்டுவதற்கென்றே ஒரு துளை இருக்கும். கீழ்ச்சுரத்தின்போது அங்கே கையை வைத்தால் காற்று வீசுவது தெரியும். பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தாலும் பாஸ் கூடும், காசு செலவில்லாமல்.

எனக்குப் பிடித்த தந்திரம் வேறு. பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. சின்ன ஸ்பீக்கரால் அதைத் தர இயலாது. அதன் மடங்குகளான 82, 123, 164 ஆகியவற்றைத் தரும். அவற்றைக் கேட்ட மூளை, வராத 41ஐத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. பல கையடக்க ஸ்பீக்கர்கள் இந்த மடங்குகளை வேண்டுமென்றே கூட்டுகின்றன.

ஆகவே என் தேர்வு 'அடிநாதம்'. கவிதையின் அடிநாதம் என்று நாம் ஏற்கெனவே எழுதுகிறோம். வரிகளில் எங்கும் இல்லாமல், எல்லா வரிகளுக்கும் அடியில் கேட்பது அது. "இந்தப் பெட்டியில் அடிநாதம் போதவில்லை" என்று சொல்லிப் பாருங்கள், விளக்கம் தேவைப்படாது. நாதம் வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் 'அடியொலி' என்று எழுதலாம், சண்டையில்லை. வூஃபரை மட்டும் வூஃபராகவே விட்டுவிடலாம். நாய் குரைக்கும் ஓசையிலிருந்து வந்த பெயர் அது; 'குரைப்பான்' என்று மொழிபெயர்த்தால் வீட்டுக்குள் யார் விடுவார்கள்?