மஞ்சள் தாளில் வெயில் போடும் படம்

"சட்டையில் சிந்திய சாம்பார்க் கறை சோப்பு போட்டதும் சிவக்கிறது. அதே சட்டையை வெயிலில் காயப்போட்டால் கறை காணாமல் போகிறது. ஏன்?" என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். கூடவே, விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்ய ஏதாவது சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தார். இரண்டையும் ஒன்றாகவே முடித்துவிடலாம். அந்தக் கறையையே படமாக்குவதுதான் வழி.

மஞ்சள் தூளைத் தண்ணீரில் கலக்கினால் அடியில் தங்கிவிடும். அதன் நிறத்துக்குக் காரணமான குர்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். அதனால் தண்ணீர் போல இருக்கிற சானிட்டைசர் (ஜெல் வேண்டாம்) கால் டம்ளர் எடுத்து, இரண்டு டீஸ்பூன் மஞ்சள் தூள் போட்டுக் கலக்கி, பத்து நிமிடம் கழித்துப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். சட்டென்று தீப்பிடிக்கும் திரவம் இது. அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள், இந்த ஒரு வேலையைப் பெரியவர்களே செய்யட்டும். வடித்ததைக் கெட்டியான டிராயிங் தாளில் பிரஷ்ஷால் பூசி நிழலில் காயவையுங்கள்.

அப்புறம் பிள்ளைகள் பாடு. முருங்கை ஈர்க்கு, வேப்பிலை, பெரணி, அட்டையில் வெட்டிய யானை, எது வேண்டுமானாலும் தாள் மேல் வைக்கலாம். காற்றில் நகராமல் இருக்க மேலே ஒரு கண்ணாடித் துண்டு. மொட்டை மாடியில் சித்திரை வெயில் என்றால் சில மணி நேரம் போதும், மேகம் போட்டால் நாள் முழுக்க ஆகலாம். இலையின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தால் தெரியும்: வெயில் பட்ட இடம் வெளுத்திருக்கும், இலைக்கு அடியில் மஞ்சள் அப்படியே இருக்கும். முருங்கையின் ஒவ்வொரு குட்டி இலையும் காம்போடு தனித்தனியாகப் பதிந்திருக்கும். இனி அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவைக் கரைத்துத் தாள் மேல் தெளியுங்கள். இலை உருவம் மட்டும் செம்பழுப்பாக எழுந்து வரும். சலவை சோப்புத் தண்ணீரிலும் இது நடக்கும். சுண்ணாம்புத் தண்ணீரில் இன்னும் நன்றாக வரும்தான், ஆனால் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கவே வேண்டாம்.

சரி, தாளில் என்ன நடந்தது?

குர்குமினை மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்தது 1815இல். அதன் வடிவம் தெரியவந்தது 1910இல்தான். நீளமான மூலக்கூறு அது: இரண்டு முனையிலும் ஆறு கார்பன் கொண்ட வளையம், நடுவில் ஏழு கார்பன் கொண்ட சங்கிலி. பள்ளியில் படித்த ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் இதில் மாறி மாறி வருகின்றன. அப்படி வரும்போது இரட்டைப் பிணைப்பின் எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் கட்டுப்படாமல், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பரவி நிற்கும். வீணையில் தந்தியின் நீளம் கூடினால் சுருதி இறங்குகிறது அல்லவா, அதுபோல எலக்ட்ரான்கள் பரவும் நீளம் கூடக்கூட, அவற்றைக் கிளப்பிவிடத் தேவையான ஆற்றல் குறைகிறது.

ஒற்றை வளையம் கொண்ட பென்சீனில் எலக்ட்ரான்களுக்கு இடம் குறைவு. அவற்றைக் கிளப்பப் புற ஊதாக் கதிர் வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை பென்சீன் தொடுவதே இல்லை, அதனால் நிறமும் இல்லை. குர்குமினில் இடம் தாராளம். சுமார் 425 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா, நீல ஒளியே அதற்குப் போதும். வெள்ளை ஒளியிலிருந்து அந்தப் பகுதியை அது விழுங்கிவிட, மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது.

இதில் சோப்பையோ சோடாவையோ சேர்த்தால், அவற்றின் காரத்தன்மை குர்குமினிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கிக்கொள்கிறது. அங்கே எஞ்சும் எதிர்மின் சுமையும் எலக்ட்ரான்களின் நடமாட்டத்தில் சேர்ந்துகொள்கிறது. கிளப்பத் தேவையான ஆற்றல் இன்னும் இறங்குகிறது. இப்போது ஊதாவை விட்டுவிட்டு, நீலத்தையும் பச்சையையும் மூலக்கூறு விழுங்க ஆரம்பிக்கிறது. மிச்சம் சிவப்பு. எலுமிச்சைச் சாறு விட்டால் பறிபோன ஹைட்ரஜன் திரும்பக் கிடைத்து மறுபடி மஞ்சளாகிவிடும். ஒரே ஓர் அயனி போவதும் வருவதும் இத்தனை பெரிய நிறமாற்றமாகக் கண்முன் தெரிகிறதே, அதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

வெயில் செய்யும் வேலை வேறு. நீல ஒளியை விழுங்கிய குர்குமின் அந்த ஆற்றலைப் பெரும்பாலும் வெப்பமாக விட்டுவிடும், கொஞ்சத்தைப் பச்சை கலந்த மஞ்சள் ஒளியாக உமிழும் (நோட்டுச் சோதிக்கும் புற ஊதா டார்ச்சை வடிகட்டிய திரவத்தில் அடித்தால் இதைப் பார்க்கலாம், டார்ச்சைக் கண்ணில் மட்டும் அடிக்கக் கூடாது). எப்போதாவது ஒரு மூலக்கூறு அந்த ஆற்றலைத் தாங்காமல் நடுச்சங்கிலியில் அறுந்துபோகிறது. அறுந்து கிடைக்கும் துண்டுகளில் ஒன்று வனிலின். ஆமாம், வனிலா ஐஸ்கிரீமுக்கு மணம் தருகிற அதே வனிலின்! துண்டுகள் சிறியவை. எலக்ட்ரான்களுக்குப் பழைய நீளம் இல்லை, ஆகவே புற ஊதாவைத்தான் விழுங்க முடியும். நிறம் போய்விட்டது. சட்டைக் கறைக்கும் இதுதான் நடக்கிறது. ஒளியைப் பிடிப்பதால்தான் குர்குமினுக்கு நிறமே. பிடித்த அதே ஒளிதான் அதை அறுக்கவும் செய்கிறது.

இந்த முறைக்கு வயது அதிகம். தாவரச் சாறுகளை ஒளி வெளுக்கச் செய்வதை ஆராய்ந்து 1842இல் எழுதினார் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல். இதே வகையில் ஸ்காட்லாந்து விஞ்ஞானி மேரி சாமர்வில் செய்த சோதனைகள் 1846இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் இதழில் வந்தன. அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதோ 1945இல்தான்! நீண்ட நேரம் பிடித்ததாலும், படத்தை நிலைக்கச் செய்ய முடியாததாலும் தாவரச் சாற்றுப் படங்கள் புகைப்படத் தொழிலாக வளரவில்லை. உங்கள் வீட்டுப் படமும் சுவரில் மாட்டினால் மெல்ல வெளுக்கும். நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தை விட்டுக் கொஞ்சம் விலகி ஒன்று சொல்ல வேண்டும். மருந்தாகப் பார்த்தாலும் குர்குமின் நிலையில்லாத மூலக்கூறுதான். ஏறக்குறைய நம் ரத்தத்தின் காரத்தன்மையுள்ள கரைசலிலேயே அது விரைவில் சிதைந்துவிடுகிறது. 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளைக் கணக்கில் எடுத்த மதிப்பாய்வு ஒன்று 2017இல் வந்தது. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று கொடுப்பவருக்கும் சாப்பிடுபவருக்கும் தெரியாமல் நடத்திய சோதனைகளில் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்றது அது. இந்தச் சோதனைகளுக்குச் செலவான பணத்தில் சிறு பங்கையாவது பள்ளி ஆய்வகங்களில் தாளும் பிரஷ்ஷும் சோடாவும் வாங்கச் செலவிட்டிருந்தால் எவ்வளவோ பலன் கிடைத்திருக்கும் என்பது என் கருத்து.

ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வேதியியல்தான், அது அழகான வழக்கம். ஆனால் மஞ்சள் தோய்த்த துணியில் "மந்திரித்த" தண்ணீரைத் தெளித்து ரத்தம் வருகிறது, செய்வினை இருக்கிறது என்று பயமுறுத்திக் காசு பறிக்கிறவர்களும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்தத் தண்ணீரில் இருப்பது சுண்ணாம்பு. சோடா தெளிக்கும்போதே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். தன் கையால் தாளைச் சிவக்க வைத்த பிள்ளையை ஏமாற்றுவது கஷ்டம்.

வெயிலில் காத்திருக்கப் பொறுமையில்லாத சின்னப் பிள்ளைகளுக்கு வேறொரு வழி உண்டு. மஞ்சள் தாள் முழுக்கச் சோடாத் தண்ணீர் பூசிச் சிவக்க வைத்துக் காயவிடுங்கள். காதுக் குச்சியை எலுமிச்சைச் சாற்றில் தொட்டு அதன் மேல் எழுதச் சொன்னால், கோடு போகிற இடமெல்லாம் மஞ்சளாகும். சோடாவைக் கொஞ்சம் தாராளமாகப் பூசியிருந்தால் கோட்டோடு சேர்ந்து பொடிப்பொடியாகக் குமிழ்களும் வரும். அது கார்பன் டை ஆக்சைடு.